இரண்டாவது கேற்: மதிலை உடைக்குமுன் பார்க்க வேண்டிய வழிகள்

வளவுக்கு இன்னொரு வாகன வாசல் வேண்டும் என்பவரிடம் எதற்கென்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். காரை ரிவேஸில் பிரதான வீதிக்கு எடுக்கப் பயமாக இருக்கிறது. அல்லது, வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதியாயிற்று, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டப் போகிறார்கள். அல்லது, ட்ரெக்டர், நெல் மூட்டை, கடைச் சாமான் என்று பாரமான ஏதோ ஒன்று பின்னுக்குப் போக வேண்டும்.

விண்ணப்பத்தில் மூன்றும் ஒரே வரியாகத்தான் விழுகின்றன: மதிலில் மேலதிக வாயில். ஆனால் முதலாமவருக்கு வேண்டியது வளவுக்குள் வாகனம் திரும்ப இடம். இரண்டாமவருக்கு வேண்டியது காணி உறுதியில் எழுதிய பாதை. மூன்றாமவருக்குத்தான் உண்மையில் இன்னொரு கேற் தேவை. உள்ளூராட்சி சபை தருவது மதிலில் ஒரு திறப்புக்கும் அதன் முன்னால் வடிகானைக் கடப்பதற்குமான அனுமதி. அந்தக் கடிதத்தால் பாதை உரிமையும் வராது, கார் திரும்ப இடமும் வராது.

கணக்குகளுக்கு ஒரே காணியை வைத்துக்கொள்வோம். 20 பேர்ச், வீதி முகப்பு 50 அடி, ஆழம் 109 அடி, இப்போது 10 அடிக் கேற் ஒன்று, முன்னால் 2 அடி அகல வடிகான்.

வீதி யாருடையது, கோடு எங்கே

கிழக்கிலங்கையில் பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, காத்தான்குடி, கல்லடி என்று கரையோரமாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4, திருகோணமலைக்குப் போகும் ஏ15, செங்கலடியில் பிரிந்து பதுளைக்குப் போகும் ஏ5 ஆகிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. பி வகை வீதிகளும் அப்படியே. சி, டி வகை வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மிச்சமுள்ள குறுக்கு வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை.

எந்த வீதியானாலும் மதிலுக்கான அனுமதி உள்ளூராட்சி சபையிடம்தான். ஆனால் வீதி வேறொருவருடையதென்றால் அவர்களுடைய சம்மதம் கோப்பில் இல்லாமல் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிபாரிசு எழுதமாட்டார். சபையில் கொடுத்துவிட்டு அவர்கள் அனுப்பும்வரை காத்திருப்பதைவிட, இரண்டு இடத்திலும் ஒரே வரைபடத்தை ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது. ஒரு அலுவலகத்துக்கு 12 அடி, மற்றதுக்கு 14 அடி என்று போனால் கோப்பு திரும்பி வரும்.

வீதிக்கோடு பலருக்குத் தெரியாத பொறி. எதிர்காலத்தில் வீதியை எவ்வளவு அகலிப்பது என்று குறித்த அந்தக் கோடு பல இடங்களில் இன்றைய மதிலுக்கு உள்ளே விழுகிறது. பழைய மதில் நிற்கும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேற்றுக்காக அதை உடைத்தால், புதிதாக எழும்பும் தூணும் மதில் துண்டும் கோட்டுக்கு உள்ளே போக வேண்டும் என்று வரும். பழைய மதில் ஒரு வரியிலும் புதுத் தூண்கள் நாலைந்து அடி உள்ளேயும் நிற்க, இடையில் இரண்டு பக்கமும் குறுக்கு மதில் கட்ட வேண்டியதாகிவிடும். வீதி அகலும்போது நட்டஈடு கேட்கமாட்டேன் என்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்து விலக்குப் பெறுவதும் உண்டு; அதை எதிர்பார்த்து மேசனைக் கூப்பிடக்கூடாது. வீதிக்கோட்டுச் சான்றிதழை எடுத்து, கோடு வளவில் எங்கே விழுகிறது என்று சேவேயரைக் கொண்டு ஆணி அடித்துப் பார்த்த பிறகுதான் கீழே உள்ள வழிகளை ஒப்பிடுவதில் பிரயோசனம் இருக்கும். கேற்றுக்கு மேல் ஓட்டுக் கூரை போட நினைப்பவர்களுக்கும் அதே கோடுதான் எல்லை.

ஒரே முகப்பில் இரண்டு கேற்

ஒன்றால் வந்து மற்றதால் போவது. கேட்க அழகாக இருக்கும் இந்த யோசனை 50 அடி முகப்பில் அரும்பொட்டாகத்தான் அடங்கும்.

ஒரு கார் நிற்காமல் வளைந்து போக, பாதையின் நடுக்கோடு 6 மீற்றர் ஆரையில் இருக்க வேண்டும். அப்போது இரண்டு கேற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 12 மீற்றர். கேற் ஒன்று 3 மீற்றர் என்றால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு 15 மீற்றர், அதாவது 49 அடி. தூண்களுக்கே இடமில்லை. உட்பக்கமாக வளைவு 7.5 மீற்றர், ஏறத்தாழ 25 அடி வரும். வீட்டு முன்சுவர் மதிலிலிருந்து அதற்கும் கூடுதலான தூரத்தில் இருந்தால்தான் சரி. பதினைந்து, இருபது அடி விட்டுக் கட்டிய வீடுகளில் இந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம். அடங்கினாலும் 3 மீற்றர் அகல அரைவட்டப் பாதை 56 சதுர மீற்றரைத் தின்கிறது. 2.2 பேர்ச், வாகனம் ஓட மட்டும்.

அனுமதி தருபவர் பார்ப்பது வேறு. வீதியோடு வாகனம் சந்திக்கும் இடம் ஒன்று கூடுகிறது. வடிகானில் இன்னொரு மூடிய துண்டு வருகிறது. கடைத்தெருவானால் வீதியோர வாகன நிறுத்தத்தில் ஒரு இடம் குறைகிறது. பாதசாரிக் கடவை, பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூட வாசல், சந்தி எதற்காவது பக்கத்தில் என்றால் 'ஏற்கெனவே ஒரு வாயில் இருக்கும்போது இன்னொன்று ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போல வளவுகள் சிறுத்து முகப்புகள் 25, 30 அடியாகிவிட்ட இடங்களில் இதைக் கேட்பதே வீண்.

முகப்பு 70, 80 அடி, வீடு நன்றாக உள்ளே, பகலெல்லாம் வாகனம் வந்துபோகும் தொழில் ஒன்று வளவுக்குள் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. அப்போது எது உள்ளே, எது வெளியே என்பதை முதலே தீர்மானித்து வரைபடத்தில் அம்புக்குறி போட வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். வீட்டிலிருந்து வீதியைப் பார்த்து நின்றால் நமக்குக் கிட்டிய ஓட்டத்தில் வாகனங்கள் வலமிருந்து இடமாகப் போகும். ஆகவே வலது கேற்றால் உள்ளே, இடது கேற்றால் வெளியே. மாற்றி வைத்தால் உள்ளே வரும் வாகனமும் வெளியேறும் வாகனமும் ஒன்றின் வழியை ஒன்று வெட்டும்.

இதில் ஒரு பக்கத் தொல்லையும் உண்டு: இரண்டில் ஒரு கேற் எப்போதும் திறந்துதான் கிடக்கும். கட்டாக்காலி மாடுகளுக்கு அது போதும்.

இருக்கிற கேற்றை அகலித்து உள்ளே திருப்பிடம்

கார் திரும்ப முடியாத பிரச்சினைக்கு விலை குறைந்த, மறுப்பும் குறைந்த தீர்வு இதுதான். ஆனால் பலர் இதை இரண்டாம் தரமாக நினைக்கிறார்கள்.

10 அடியை 14 அடியாக்கி, உள்ளே பாதைக்குப் பக்கமாக 3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளத்தில் கைபோல ஒரு வெற்றிடம் விட வேண்டும். கார் முன்பக்கமாக நுழைந்து, பின்பக்கத்தை அந்தக் கைக்குள் விட்டு, முகத்தை வீதிக்குத் திருப்பி வெளியேறும். கைக்கு மட்டும் 18 சதுர மீற்றர், முக்கால் பேர்ச்சுக்கும் குறைவு. மேலே சொன்ன அரைவட்டத்தின் மூன்றிலொரு பங்குகூட இல்லை. இரண்டாவது கார் நிற்கவும் அந்த இடமே உதவும் என்று கணக்குப் போடுவதுதான் இங்கே வழமையான பிழை. கார் நின்றுவிட்டால் திருப்பிடம் இல்லை, பழையபடி ரிவேஸ்தான். நிறுத்த வேறு இடம் விட வேண்டும், குறைந்தது 2.4க்கு 4.8 மீற்றர்.

தூண் ஒன்று அப்படியே நிற்கும், மற்றது மட்டும் புதிது. வடிகானில் கூடுதலாக நாலைந்து அடிதான் மூட வேண்டியிருக்கும். வீதியோடு சந்திக்கும் இடம் கூடாததால் எதிர்ப்பும் குறைவு. அதற்காக அனுமதியில்லாமல் செய்யலாம் என்றில்லை. மதிலும் வடிகானும் தொடப்படுவதால் விண்ணப்பம் வேண்டும்.

ஏ4 போன்ற வீதியில் இதோடு இன்னொன்றையும் செய்தால் பெரிய நன்மை: கேற்றை மதில் வரியிலிருந்து 16 முதல் 18 அடி உள்ளே தள்ளுவது. கேற் திறக்கும்வரை காரோ வானோ வீதியில் பின்பக்கத்தை நீட்டிக்கொண்டு நிற்காது. மதில் வரியில் வாய் அகலமாகவும் உள்ளே கேற் ஒடுங்கியும் இருக்க, பக்க மதில்கள் சாய்ந்து வர வேண்டும்.

பார்வையும் முக்கியம். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் வினாடிக்கு 14 மீற்றர் ஓடுகிறது. சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்க 2 வினாடி, அதற்குள் 28 மீற்றர். பிறகு நிற்க இன்னும் இருபது மீற்றருக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் 50 மீற்றர். வெளியேறும் காரின் மூக்கு வீதி விளிம்புக்கு வரும்போது, முன்சில்லுகளுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் சாரதியின் கண், ஏறத்தாழ 1.05 மீற்றர் உயரத்திலிருந்து, அந்த 50 மீற்றரைப் பார்க்க வேண்டும். 6 அடி மதில் இரண்டு பக்கமும் கேற் தூண்வரை வந்தால் பார்க்காது. கேற்றின் இரண்டு பக்கமும் தூணிலிருந்து 6 அடி நீளத்துக்கு மதிலை 3 அடியில் நிறுத்தி மேலே கிறில் போட்டால் போதும். போகன்வில்லாவை அந்த கிறிலில் ஏற்றிவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

மூலைக் காணிக்குப் பக்க வீதியில்

பிரதான வீதியிலும் குறுக்கு வீதியிலும் முகப்புள்ள காணிக்கு இரண்டாவது கேற் இலகுவாகக் கிடைப்பது குறுக்கு வீதிப் பக்கத்தில்தான். அனுமதியும் சபையோடு முடிகிறது. பின்வளவுக்குப் பாரச் சாமான் போக வேண்டியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வழி.

இடம் தெரிவதில் ஒன்றே விதி: சந்தியிலிருந்து முடிந்த மட்டும் தூரம். மூலை மதிலைச் சாய்வாக வெட்டிவிடும்படி சபை கேட்பதுண்டு. அந்தச் சாய்விலேயே கேற் வைக்கலாமே என்ற யோசனை அடிக்கடி வரும், கிடைக்காது. அங்கே கேற் வைத்தால் வெளியே வரும் வாகனம் நேரே சந்திக்குள் இறங்கும். வாஸ்துக்காரர் காட்டிய இடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் காட்டும் இடமும் ஒன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்; இல்லாவிட்டால் பின்னவர் சொல்வதுதான் நடக்கும்.

குறுக்கு வீதியின் ஒடுக்கம் இங்கே ஏமாற்றும். 10 அடி ஒழுங்கையிலிருந்து 10 அடிக் கேற்றுக்குள் கார் ஒரே வெட்டில் நுழையாது. கேற் 14 அடி வேண்டும், அல்லது தூண்களை 3 அடி உள்ளே தள்ளி மதிலை இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும். லொறி வர வேண்டுமானால் இரண்டையும் செய்ய வேண்டும். அப்போதும் எதிர் வீட்டு மதில் மூலையில் லொறியின் வால் படுகிறதா என்று சுண்ணாம்பால் கோடு போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது. மின்கம்பம் நடுவில் நின்றால் கேற்றை நகர்த்துவதே மலிவு. கம்பத்தை மாற்ற மின் விநியோக அலுவலகத்தில் விண்ணப்பித்து, மதிப்பீட்டுத் தொகையைக் கேட்பவரே கட்ட வேண்டும். நீர்க் குழாய் வீதி ஓரத்தில் ஆழமில்லாமல் போகும் இடங்கள் பல. தோண்டுமுன் நீர் வழங்கல் சபை ஆட்களைக் கொண்டு காட்டச் சொல்ல வேண்டும்.

பின்பக்கப் பாதை

வளவின் பின் எல்லையில் ஒரு பாதை இருக்கிறது, அந்தப் பக்கம் மதிலை உடைத்தால் போதும் என்று தோன்றும். இந்த வழியில்தான் அயலோடு நிரந்தரப் பகை வருகிறது.

பாதை சபையின் வீதிப் பதிவில் இருக்கிறதா, அல்லது யாரோ காணி பிரித்தபோது பின் துண்டுகளுக்காக விட்ட தனியார் பாதையா? நில அளவைப் பிளானில் எல்லை எழுதிய இடத்தைப் பாருங்கள். சபையின் பெயரோடு வீதி என்றிருந்தால் நல்லது. வெறும் பாதை என்றோ, இலக்கமிட்ட ஒரு துண்டாகவோ இருந்தால் கவனம். அந்தப் பாதையைத் தொட்டுக் கொண்டிருப்பதால் மட்டும் உங்கள் காணிக்கு அதில் உரிமை வராது. எந்தத் துண்டுகளுக்காக அது விடப்பட்டதோ அவற்றுக்குத்தான் உரிமை. சபை மதிலுக்கு அனுமதி தந்த பிறகும் பாதைச் சொந்தக்காரர் ஒரு கல்லை வைத்து மறித்தால், சபைக் கடிதம் உதவாது.

உரிமை வேண்டுமானால் பாதை நிலத்தின் சொந்தக்காரர் அனைவரும், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட, நொத்தாரிசு முன் உறுதி எழுதி, அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி மீதான இத்தகைய உரிமைக்கு நொத்தாரிசு எழுத்து வேண்டும். 'நீங்கள் போய் வாங்கோ, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்' என்ற வாய்ச்சொல், சொன்னவர் காணியை விற்கும்வரைதான். 10 வருடப் பாவனையால் உரிமை வரும் என்பது உண்மை; ஆனால் அந்தப் பாவனை தடையில்லாததாகவும், சொந்தக்காரரின் தயவில் நடக்காததாகவும் இருக்க வேண்டும். அவர் அனுமதித்ததால் போனவருக்கு அது பொருந்தாது. சண்டை முற்றினால் மத்தியஸ்த சபை. சமாதானக் குலைவு என்று பொலிஸ் பாரப்படுத்தினால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி ஆரம்ப நீதிமன்றம். அங்கே கிடைப்பது தற்காலிகத் தீர்ப்பு. உரிமையைத் தீர்க்க மாவட்ட நீதிமன்ற வழக்கு தனி.

மொத்தத்தில், பாதை சபையுடையது என்று எழுத்தில் கிடைத்தால் எல்லா வழிகளிலும் நல்லது இது. கிடைக்காவிட்டால் கடைசி.

மகளுக்கு முன்வீடு, பின்னுக்குப் பெற்றோர்

கிழக்கில் இரண்டாவது கேற் கேட்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆனால் இதற்குக் கேற் விண்ணப்பம் தவறான இடத்தில் தொடங்குவது. இன்று தாயும் மகளும் ஒரு கேற்றால் போய்வரலாம். பின்வீடு நாளை இன்னொரு பிள்ளைக்கோ, விற்பனைக்கோ போகும்போது வங்கி கேட்பது பாதை எந்த உறுதியில் இருக்கிறது என்பதை.

நமது 20 பேர்ச்சில் கணக்குப் பார்ப்போம். ஒரு பக்கமாக 10 அடி அகலத்தில், முன் துண்டின் 55 அடி ஆழத்துக்குப் பாதை விட்டால் 550 சதுர அடி, 2 பேர்ச். முன் துண்டு 40க்கு 55, ஏறத்தாழ 8 பேர்ச். பின் துண்டு 50க்கு 54, கிட்டத்தட்ட 10 பேர்ச். நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசங்களில் வீட்டுக் காணிக்குப் பொதுவான குறைந்த அளவு 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச். ஆகவே இது பிரிபடும். 12 பேர்ச் காணி என்றால் இரண்டாகப் பிரித்தாலே தலா 152 சதுர மீற்றர்தான். பாதைக்கு ஒரு அடி விட்டாலும் ஒன்று கீழே போய்விடும். அப்படியான காணிக்கு இரண்டு கேற் போட்டு இரண்டு வீடு காட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரே காணி.

பாதையைப் பின் துண்டுக்குச் சொந்தமாகக் கொடுப்பதா, முன் துண்டில் வைத்து உரிமை மட்டும் எழுதுவதா? இரண்டையும்விடப் பாதையைத் தனித் துண்டாகப் பிளானில் காட்டி, இரண்டு உறுதியிலும் பிரிக்கப்படாத பங்காக எழுதுவது நல்லது. முன்வீட்டுக்காரர் அதில் கார் நிறுத்தி மறிக்க முடியாது. பின்வீட்டுக்காரர் மதில் கட்டி முன்வீட்டைத் தள்ளிவைக்கவும் முடியாது. உறுதியில் போக்குவரத்து என்று மட்டும் எழுதினால் போதாது. நீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர் வடிகால் கொண்டுபோகும் உரிமையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மீற்றர் முன் மதிலிலும் வீடு 60 அடி பின்னாலும் இருக்கும்போது அந்த ஒரு வரி இல்லாததால் வரும் தகராறு கொஞ்சமல்ல.

இப்படிச் செய்தால் மதிலில் புதுத் திறப்பு தேவைப்படாமலும் போகலாம். இருக்கிற கேற் பாதையின் வாயாக அமைந்தால் அதை 12 அடியாக்கி, முன்வீட்டுக்கு உள்ளே பாதைப் பக்கமாகத் தனிப் படலை வைக்கலாம். நடந்துபோக மட்டும் என்றால் மதிலில் மூன்றரை அடிச் சின்னப் படலை போதும். வடிகானில் ஒரு சிலாப்பு.

வடிகானைக் கடப்பது

கார்த்திகை, மார்கழி மழையில் எல்லாக் கேற்றும் சோதனைக்கு வரும். வடிகானுக்குள் 9 அங்குலக் குழாயை வைத்து மண் போட்டு மூடுவது மலிவு. முதல் மாரியிலேயே பொலித்தீனும் மாவிலையும் வாயை அடைக்க, தண்ணீர் மேல்பக்க அயலவரின் வளவுக்குள் ஏறும். முறைப்பாடு வரும், சபை வந்து உடைக்கும். கட்டிய வடிகானுக்குச் சரியானது கழற்றக்கூடிய சிலாப்பு.

14 அடிக் கேற் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கூட்டி 16 அடி மூட வேண்டும். 2 அடி அகலத் துண்டுகளாக எட்டு. ஒரு துண்டு 900 மி.மீ. நீளம், 600 அகலம், 150 தடிப்பு: 2 அடி வடிகானைத் தாண்டி இரண்டு சுவரிலும் 6 அங்குலம் உட்காரும். 12 மி.மீ. கம்பி ஐந்து, வடிகானுக்குக் குறுக்காக, 5 அங்குல இடைவெளியில், அடிப்பக்கத்தில். அதன் மேல் 10 மி.மீ. கம்பி ஐந்து குறுக்கே. கம்பியை மேலே வைத்து வார்ப்பதே சிலாப்பு நடுவில் பிளப்பதற்கு முதல் காரணம். பாரம் ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம். உப்புக் காற்றுள்ள கரையோரத்தில் கம்பிக்குக் கீழே 40 மி.மீ. கொங்கிறீட் மூட வேண்டும். சல்லித் துண்டை முட்டுக் கொடுக்காமல், சீமெந்துக் கட்டை வார்த்து வைக்க வேண்டும்.

எட்டுக்கும் சேர்த்து 0.65 கன மீற்றர் கொங்கிறீட். 1:1.5:3 கலவையில் 50 கிலோ சீமெந்து 6 மூட்டை பிடிக்கும். 20 அடிக் கம்பியில் 12 மி.மீ. ஆறு, 10 மி.மீ. நாலு. ஒரு சிலாப்பு 195 கிலோ வரும், ஆகவே இரண்டு பக்கமும் தூக்கும் கொளுவி வைக்காவிட்டால் துப்புரவாக்க வருபவர்கள் கடப்பாரையால் விளிம்பை உடைத்துத்தான் எடுப்பார்கள். ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்து, 28 நாளுக்குப் பிறகு லொறி ஏற்றலாம். சிலாப்புகளை ஒன்றோடொன்று சீமெந்து பூசி ஒட்டக்கூடாது. மேலே ஓடு பதிக்கவும் கூடாது.

மண் வடிகானென்றால் குழாய் தவிர்க்க முடியாது. அப்போதும் 18 அங்குலத்துக்குக் குறையாத ஹியூம் குழாய், வடிகானின் அடிமட்டத்துக்குச் சமமாக. அதை உயர்த்தி வைத்தால் மேல்பக்கம் எப்போதும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகும்.

சிலாப்பின் மேல்மட்டம் வீதி விளிம்பைவிட உயரக்கூடாது. வளவுக்குள் கிரவல் போட்டு மேடாக்கியவர்கள் கேற் வாசலில் 6 அங்குல அகலத்தில் கிறில் மூடிய குறுக்கு வடிகான் ஒன்றை வைக்காவிட்டால், ஒரு மாரியில் கிரவல் பாதி சபையின் வடிகானுக்குள் போய்ச் சேரும்.

மணல் நிலத்தில் தூண்

கல்லடி, நாவற்குடா, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கத்து மணலில் கேற் தூண் சாய்வது சாதாரணம். 14 அடி வாய்க்கு இரண்டு 7 அடிக் கதவு. இரும்பின் பாரம் முழுவதும் பிணைச்சலில் தொங்கித் தூணை உள்ளே இழுக்கிறது. சில மாதத்தில் இரண்டு கதவும் நடுவில் இடிபடும், தாழ்ப்பாள் விழாது. 3 அடிச் சதுர அடித்தளம் போட்டாலும், இரண்டு தூணையும் நிலத்துக்குக் கீழே 9க்கு 12 அங்குலப் பீம் ஒன்றால், 12 மி.மீ. கம்பி நாலு வைத்து, இணைக்க வேண்டும். அந்தப் பீம்தான் சாய்வை நிறுத்துகிறது. மேசன்மார் செலவு குறைக்க முதலில் விடுவதும் அதையே.

கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். வீதிப் பக்கம் திறக்கும் கேற் அனுமதியாகாது. தள்ளு கேற் என்றால் மதிலோடு திறப்பின் நீளமும் இன்னும் ஒன்றரை அடியும் வெறுமையாக வேண்டும். அதன் சில்லு ஓடப் பள்ளமான தண்டவாளம் போட்டால் மணல் நிரம்பிவிடும். கோண இரும்பை முனை மேலாகக் கவிழ்த்துப் பதித்தால் மணல் இரண்டு பக்கமும் வழிந்துவிடும்.

கோப்பு

உறுதிப் பிரதி, நில அளவைப் பிளான், நடப்பு ஆண்டு சோலைவரி பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், கூட்டுச் சொந்தக்காரர் இருந்தால் அவர்களின் சம்மதம். இவற்றைவிட, அளவோடு வரைந்த படம்தான் கோப்பை நகர்த்தும். 1:100 அளவில் இருக்கும் கேற், கேட்கும் கேற், வடிகானின் அகலமும் ஆழமும், கம்பங்கள், மரங்கள், கிட்டிய சந்திக்குள்ள தூரம், வீதியின் அகலம், எதிர்ப்பக்கக் கேற்றுகள் எல்லாம் அதில் வேண்டும். இரண்டாவது திறப்பானால், இருக்கிற கேற்றை அகலித்தால் ஏன் போதாது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்; விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவில் அந்தக் கேள்விதான் முதலில் வரும். பழைய கேற்றை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கத் தயார் என்றால் அதையும் எழுதலாம். மறுக்க நினைத்த விண்ணப்பம் சில வேளை அந்த வரியால் இடமாற்றமாக அனுமதியாகும்.

காணி உறுதிக் காணியாக இல்லாமல், அம்பாறைக் குடியேற்றப் பகுதிகளில் போல அரசு தந்த அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ இருந்தால், சபைக்குப் போகுமுன் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழுள்ள இந்தக் காணிகளை நினைத்தபடி பிரிக்க முடியாது. அளிப்பில் எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது என்று எழுதியிருக்கும். மதிலில் ஒரு திறப்புக்குச் சம்மதம் பெறுவது கஷ்டமல்ல. பின்வீட்டுக்குப் பாதை எழுதுவதும் துண்டு பிரிப்பதும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி வந்த பிறகுதான். அதற்கு முன் தனியார் சேவேயரைக் கொண்டு வரைந்த பிளானை நொத்தாரிசு ஏற்றாலும் காணிப் பதிவகம் பதியாது.